புது போல்ட் ரைஃபிளைப் பார்த்து வாங்குவது எப்படி: தேசிய சேவையில் கை பழகியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்கான அடிப்படைப் பயிற்சி முடித்தவனை நடுராத்திரியில் எழுப்பி, எஸ்.ஏ.ஆர். 21 என்ற ராணுவத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் தூக்கக் கலக்கத்திலேயே பிரித்து, துடைத்து, திரும்பக் கோர்த்துவிடுவான். அதே ஆளை நியூசிலாந்தில் ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடைக்குள் விட்டால் திருதிருவென முழிப்பான். நான் அப்படித்தான் முழித்தேன். கிறைஸ்ட்சர்ச்சில் குடியேறிவிட்ட மச்சான் ஒரு போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, வாங்கப் போனான். துணைக்குப் போன நான் அங்கிருந்தவற்றிலேயே வாதுமை (வால்நட்) மரக்கட்டை பளபளத்த ஒன்றைக் காட்டி “இதுதான்” என்றேன். “அத்தான், மரத்தை அப்புறம் ரசிக்கலாம். முதல்ல தோள்ல வைங்க” என்றான். வைத்தேன். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குள் பாதி வட்டம் கறுப்பாக இருந்தது.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை அவனோடு தென் தீவு மலைகளுக்குப் போகிறேன். கடைகளில் நிறைய ரைஃபிள்களைக் கையில் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. என்னைப் போல அங்கே உறவோ நண்பரோ இருந்து, வேட்டைக்குப் போக ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் கைக்கு ஏற்கெனவே ஒரு ஞாபகம் இருக்கிறது. போல்ட் ரைஃபிள் விஷயத்தில் அந்த ஞாபகம் நம்மைத் தப்பான பக்கம் இழுக்கும். எங்கெங்கே இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம்.

கிளம்பும் முன் சட்டம்

நம் ஊரில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கி, தோட்டா, அவற்றின் பாகங்கள் எல்லாம் கடுமையான உரிமக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2021-ல் இதற்கென்றே புதுச் சட்டம் நிறைவேறியது. சுடும் ஆசையை இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் சுவா சூ காங் பக்கம் இருக்கும் தேசியச் சுடும் மையத்தில் ஒரு மன்றத்தின் வழியாகப் போகலாம். வெளிநாட்டில் சுட்ட நினைவுக்காக வெறும் தோட்டா உறையைப் பையில் போட்டுக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்காதீர்கள். அந்த எக்ஸ்ரே அறையில் உங்கள் விடுமுறை வேறு மாதிரி முடியும்.

நியூசிலாந்தில் துப்பாக்கி வாங்க உரிமம் வேண்டும், வாங்கியதைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். வருகையாளருக்கும் உரிமம் உண்டு. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் உரிமம் இல்லாதவரும் சுடலாம். 2019-க்குப் பிறகு அரைத் தானியங்கி வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள், அதனால் வேட்டைக்காரர் கையில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் போல்ட் ரைஃபிள்தான். மான் அங்கே மண்ணின் விலங்கு கிடையாது. வௌவாலை விட்டால் அந்தத் தீவுகளுக்கென்று சொந்தத் தரைப் பாலூட்டியே இல்லை. நம் நீலகிரி வரையாட்டின் சாயலில் இருக்கும் இமயமலை வரையாட்டை 1904-ல் மவுன்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அது மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது என்று அரசாங்கமே எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கை மனதில் வைத்துக்கொண்டு போகிறவனுக்குக் கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது.

கையில் வாங்கும் முறை

கடைக்காரர் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலியாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் நீட்டுவார். வாங்கியதும் நீங்களும் பாருங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தடவுங்கள். குழல் வாய் ஆள் இல்லாத பக்கம், விரல் விசைக்கு (டிரிகர்) வெளியே. ரேஞ்சில் சார்ஜென்ட் கத்திக் கற்றுக்கொடுத்ததில் இது ஒன்று அப்படியே செல்லும். வெறுமனே விசையை அழுத்திப் பார்க்க நினைத்தால் முதலில் கேளுங்கள். பெரிய ரக ரைஃபிள்களுக்கு இதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை, ஆனால் .22 விளிம்புத் தோட்டா ரைஃபிளில், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி அறையின் விளிம்பிலேயே போய் இடிக்கலாம். கேட்காமல் அழுத்தினால் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

கண்ணுக்கு வேலை

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது நம் அம்மாக்கள் செதிலின் பளபளப்பில் மயங்குவதில்லை, செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரைஃபிளின் செவுள் என்பது மரமும் இரும்பும் சேரும் இடம். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஓடுகிறதா? ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒட்டியும் இருந்தால் கட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் சரியாக உட்காரவில்லை.

இந்த இடத்தில் சட்டைப்பையிலிருந்து யூசோஃப் இஷாக் படம் போட்ட 2 வெள்ளி நோட்டை எடுங்கள். பாலிமர் நோட்டு என்பதால் மெல்லியதாகவும் வழுக்கியும் இருக்கும். குழலுக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு குழல் வாய்ப் பக்கத்திலிருந்து பின்னோக்கி இழுத்து வாருங்கள். அறைக்குப் பக்கம் வரை தடையில்லாமல் வந்தால் குழல் கட்டையைத் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். சுடும்போது குழல் சூடாகி அதிரும். நடுவில் கட்டை தொட்டுக்கொண்டிருந்தால் குண்டு விழும் இடம் மாறலாம். அப்புறம் முன்கட்டையின் நுனியையும் குழலையும் சேர்த்து ஒரு கையால் அழுத்தி, திரும்பவும் நோட்டை இழுங்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டைகளில் பல இந்தச் சோதனையில்தான் மாட்டும். நுனியில் கொஞ்சம் கனம் சாய்ந்தாலே வளைந்து குழலில் ஒட்டிக்கொள்ளும். இருகால் தாங்கி மாட்டிப் படுத்துச் சுடப் போகிறவருக்கு இது பெரிய குறை. நின்றும் முட்டி போட்டும் சுடுகிறவருக்கு அவ்வளவு இல்லை. சில ரைஃபிள்களில் முன்கட்டை நுனி குழலை வேண்டுமென்றே தாங்கும்படி அமைத்திருப்பார்கள். அதனால் நோட்டு நின்றவுடனே முடிவு கட்டாமல் கேளுங்கள்.

மரக்கட்டை என்றால் பின்புறம் சுருள் சுருளாக ரேகை ஓடுவது அழகுதான். நான் பார்ப்பது கைப்பிடிக் கழுத்தை. கட்டை மெலிந்து வளையும் அந்த இடத்தில் ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், குறுக்கே வெட்டினால் அங்கேதான் பிளக்கும். என்னை மயக்கிய அந்த வாதுமைக் கட்டையில் சுருள் கழுத்து வரை வந்திருந்தது. கைப்பிடியில் செதுக்கிய சிறு வைரக் கட்டங்களை விரலால் தடவினால் முனை தெரிய வேண்டும். மழுங்கி அச்சடித்த மாதிரி இருந்தால் அது அலங்காரம் மட்டுமே, மழையில் பிடி வழுக்கும். பின்தகட்டு ரப்பர் கட்டையோடு சமமாக முடிகிறதா, திருகுத் தலைகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ரைஃபிளின் திருகில் கீறல் இருந்தால் யாரோ ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள்.

நீலக் கறுப்பு மெருகு பார்க்க அழகு. நம்மைப் போல உள்ளங்கை வியர்க்கிறவர்களுக்கு அது தினசரித் துடைப்பு வேலை. மங்கலாக முடித்த துருப்பிடிக்காத எஃகு தென் தீவின் மேற்குக் கரை மழைக்கு ஏற்றது. துருவே பிடிக்காது என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

போல்ட்டைக் கழற்றச் சொல்லி, பின்னாலிருந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே திருகோடும் பள்ளங்கள் ஒரே சீராக மின்ன வேண்டும். லேசான செம்பு நிறம் தெரிந்தால் கவலை வேண்டாம், ஆலையில் சோதனைக்குச் சுட்டிருப்பார்கள். போல்ட் வெளியே இருக்கும்போதே குழல் வாயின் விளிம்பையும் பார்த்துவிடுங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. காது குடையும் பஞ்சுக் குச்சியை அந்த விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டும். நியூசிலாந்தில் வாய்ப் பகுதியில் மரை வெட்டிய குழல்தான் இப்போது அதிகம், காரணம் ஒலிக்குறைப்பான். அங்கே அதை மாட்டுவது சர்வ சாதாரணம். காதுக்கும் நல்லது, பண்ணை ஆடுகளுக்கும் நல்லது. சிங்கப்பூர்க்காரன் முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைப் புரட்டும்.

தோளில் வைத்தால்தான் தெரியும்

எஸ்.ஏ.ஆர். 21-ல் தோட்டாப் பெட்டியான மேகசினும் இயங்கு பகுதியும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே இருக்கும். 508 மில்லிமீட்டர் குழல் வைத்தும் மொத்த நீளம் 805 மில்லிமீட்டர்தான், கனம் முழுக்கப் பின்னால். அதே நீளக் குழல் உள்ள போல்ட் ரைஃபிள் ஒரு மீட்டரைத் தாண்டும், கனமும் முன்னால் பிடிக்கும் இடக்கைப் பக்கம் போகும். தேசிய சேவைக் கை இந்த ரைஃபிளைத் தூக்கும்போது வாய் கீழே இறங்கும். நாம் உடனே “முன்பாரம்” என்று முத்திரை குத்திவிடுவோம். அவசரப்பட வேண்டாம். நாம் நின்றுகொண்டு, ஓடும் மானைக் குறிவைக்கும்போது கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் வாய் அலையாமல் நிற்கும்.

மேகசினுக்குச் சற்று முன்னால், போல்ட் பூட்டும் இடத்துக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். அங்கே தராசு முள்போல நின்றால் சமநிலை சரி. ஸ்கோப், ஒலிக்குறைப்பான் எல்லாம் மாட்டித்தான் பார்க்க வேண்டும். வெறும் ரைஃபிள் 3 கிலோ சுமார் என்றால் ஸ்கோப், பிடிகள், வார், தோட்டா எல்லாம் சேர்ந்து 4 கிலோவைத் தொடும். வாயில் 300, 400 கிராம் கூடினாலே கையில் வேறு ரைஃபிள் ஆகிவிடும். ஒலிக்குறைப்பான் மாட்டுவது உறுதி என்றால் குட்டைக் குழலாகப் பாருங்கள்.

இனி முக்கியமான சோதனை. சுவரில் எட்டத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுபோய்க் கன்னத்தைக் கட்டையில் வையுங்கள். கழுத்தை நீட்டித் தேடக் கூடாது, எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கேயே விடுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் கட்டை உங்களுக்கு ஒத்துவருகிறது. கீழே கறுப்பு நிழல் விழுந்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது, அதாவது கன்னக் கட்டை உயரம் போதவில்லை, இல்லையென்றால் ஸ்கோப் பிடி உயரம் அதிகம். சுற்றிலும் கறுப்பு வளையம் வந்தால் கண் கிட்டேயோ எட்டவோ இருக்கிறது. நான் முதல் தடவை பார்த்த பாதி வட்டம் இந்தக் கன்ன உயரத்தால்தான். ஒரு தடவை செய்தால் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஐந்து தடவை செய்யுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர் விழும் குழி ஒன்று உண்டு. கடையில் ஹீட்டர் ஓடும், நாம் டி-சட்டையோடு நின்று தோளில் வைத்துப் பார்ப்போம், கச்சிதமாக இருக்கும். செம்மான் கத்தும் பருவம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அந்த விடியற்குளிரில் இரண்டு சட்டை, மேலே மழைக்கோட்டு, முதுகுப்பை வார். அத்தனையும் தோளில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கடையில் சரியாக இருந்த கட்டை மலையில் நீளமாகிவிடும், ரப்பர் அக்குளில் மாட்டும். அதனால் கடைக்குக் கோட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு பாருங்கள். கடைக்காரர் சிரிக்க மாட்டார், விவரம் தெரிந்த ஆள் என்றுதான் நினைப்பார். விசையிலிருந்து பின்தகடு வரையான நீளம் பொதுவாக 34, 35 சென்டிமீட்டர். நம்மில் கொஞ்சம் குட்டையானவர்களுக்கு அதுவே அதிகம். தகட்டுக்கு அடியில் பட்டைகளைக் கழற்றி மாட்டி நீளத்தை மாற்றும் கட்டைகள் இருக்கின்றன, கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பி இந்தக் கண்மூடிப் பயிற்சியைத் துடைப்பக் கட்டையை வைத்துச் செய்கிறேன். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டு. வராந்தாவில் செய்யப் போய் எதிர் புளோக் ஆன்ட்டி 999-க்குப் போன் போட வேண்டாம்.

போல்ட்

நாம் பழகிய துப்பாக்கி சுட்டதும் தானே உறையைத் துப்பி, தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். இங்கே அத்தனையும் உங்கள் வலக்கை வேலை. தூக்கு, இழு, தள்ளு, அழுத்து. ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமல், கன்னத்தை எடுக்காமல் இந்த நாலும் நடக்க வேண்டும். கடையில் பலர் இடுப்பில் வைத்து ‘கிளிக் கிளிக்’ என்று ஆட்டி “வழுக்குது பார்” என்பார்கள். இடுப்பில் எல்லா போல்ட்டும் வழுக்கும்.

போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் துருத்தல்களான பூட்டுக்காதுகள் இரண்டு உள்ள பழைய வடிவத்தில், 1898 மவுசரிலிருந்து ரெமிங்டன் 700 வரை, கைப்பிடியைக் கிட்டத்தட்ட 90 பாகை தூக்க வேண்டும். மூன்று காது வைத்த பல புது வடிவங்களில் 60, 70 பாகை போதும். இரண்டு காதிலேயே 70 பாகை கொடுக்கும் பின்லாந்தின் டிக்கா போன்றவையும் உண்டு. குறைந்த தூக்கு என்றால் கைப்பிடிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் விரல் நசுங்காது. அதற்கு விலையும் உண்டு. ஊசியின் சுருள்வில்லை இழுத்துப் பூட்டும் வேலையைக் குறைந்த தூரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால் தூக்கும்போது இறுக்கமாக இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு வகையையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பாருங்கள், எது பிடிக்கிறது என்று கையே சொல்லிவிடும்.

போல்ட்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்தால் கொஞ்சம் ஆடும். பயப்பட வேண்டாம், மவுசரும் ஆடும். பார்க்க வேண்டியது வேறு. கைப்பிடி உருண்டையை ஒரே விரலால் சாய்வாகத் தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் எதுவும் போகும். பதற்றத்தில் கை கோணலாகத்தான் தள்ளும், அப்போது நடுவழியில் நின்றுவிட்டால் அந்த ரைஃபிள் மலையிலும் நிற்கும்.

அடுத்து போலித் தோட்டாக்கள் கேளுங்கள், நல்ல கடையில் வைத்திருப்பார்கள். மேகசினில் நாலு போட்டு முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக ஏற்றி இறக்குங்கள். இதில் இரண்டு குலம் உண்டு. மவுசர் வழியில், மேகசினிலிருந்து எழும்பும்போதே தோட்டாவின் அடிவிளிம்பைக் கொக்கி கவ்விக்கொள்ளும். பாதியில் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும், ஒன்று அறையில் இருக்க இன்னொன்று போய் முட்டாது. மற்ற வகை தோட்டாவைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில்தான் கவ்வும். இன்றைய நடுத்தர விலை ரைஃபிள்களில் பெரும்பாலும் இதுதான். எனக்கு முதல் வகை மேல் ஒரு கிறுக்கு உண்டு. ஆனால் மானை மட்டும் சுடப் போகிறவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பான் மச்சான், அவன் சொல்வதும் சரிதான். மெதுவாக இழுத்தால் உறை காலடியில் விழுகிறதா, உள்ளேயே கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். உறையைத் தட்டி வெளியேற்றும் பகுதி அசையாமல் இருக்கும் வடிவத்தில் நீங்கள் இழுக்கும் வேகத்துக்கு ஏற்பத்தான் உறை வெளியே வரும்.

விசை, சேஃப்டி, மேகசின்

நல்ல விசை புதுசாகச் சுட்ட கைமுறுக்கு மாதிரி. அழுத்தம் ஏறும், ஏறும், படக்கென்று ஒடியும். நமத்த முறுக்கு வளைந்து வளைந்து எப்போது ஒடிகிறது என்றே தெரியாது. விசை முன்னாலும் இயக்கம் பின்னாலும் இருக்கும் நம் தேசிய சேவைத் துப்பாக்கியில் நடுவில் ஒரு இணைப்புத் தண்டு ஓடுவதால் அந்த நமத்த உணர்வு நமக்குப் பழகிவிட்டது. அதனால் சுமாரான விசையைக்கூட “ஆகா” என்போம். இரண்டு மூன்று ரைஃபிளில் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தால்தான் நாக்கு பழகும். வேட்டைக்கு ஒன்றரை கிலோவை ஒட்டிய அழுத்தம் போதும். குளிரில் விறைத்த விரலுக்கு அதற்கும் குறைவாக வைப்பது ஆபத்து.

சேஃப்டியை மெதுவாகத் தள்ளிச் சத்தத்தைக் கேளுங்கள். கடை இரைச்சலில் ஒன்றும் தெரியாது, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஐம்பது மீட்டரில் நிற்கும் மானுக்கு அது கேட்கும். மூன்று நிலை உள்ள சேஃப்டியில் நடு நிலையில் வைத்தால் விசை பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். எனக்கு அது பிடிக்கும்.

மேகசின் பற்றி ஒரு சோகக் கதை. மச்சானின் பழைய ரைஃபிள் ஒன்று, எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை, அதில் மேகசினை விடுவிக்கும் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. புதர்க்காட்டில் நாலு மணி நேரம் ஏறி, கண் எதிரே மான் நின்றபோது போல்ட்டைத் தள்ளினான். உள்ளே ஒன்றும் ஏறவில்லை. கீழே தடவினால் ஓட்டைதான் இருந்தது. வார் தோளில் ஆடியதில் பொத்தான் எங்கேயோ அமுங்கி, மேகசின் மூன்று தோட்டாவோடு புல்லில் விழுந்திருக்கிறது. கடையில் முழங்காலால், முழங்கையால், இடுப்பால் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தவறி அமுங்குகிறது என்றால் வேறு பாருங்கள்.

கடைசியில் நடந்து பாருங்கள்

வேட்டையில் ரைஃபிள் தோளில் இருக்கும் நேரம் சில நிமிடம், கையில் தொங்கும் நேரம் நாள் முழுக்க. கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு, போல்ட் திறந்தபடியே, வாய் கீழ்நோக்கி இருக்க, ஒரு கையில் சமநிலைப் புள்ளியில் பிடித்துக் கடைக்குள் நாலு சுற்று நடங்கள். மேகசின் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிடி அமையாது, உள்ளங்கையில் விளிம்பு வெட்டும். கைப்பிடி உருண்டை இடுப்பில் இடிக்கிறதா, ஸ்கோப்பின் திருகுமூடி விரலில் குத்துகிறதா என்பதெல்லாம் நடக்கும்போதுதான் தெரியும். அப்புறம் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு காப்பி குடியுங்கள். அரை மணி கழித்து வந்து, முதல் தடவை போலக் கண்ணை மூடித் தோளில் வையுங்கள்.

மச்சான் அன்று அப்படித்தான் செய்தான். காப்பிக்குப் பிறகு மூன்று ரைஃபிளை வரிசையாகத் தோளில் வைத்தான், இரண்டாவதை எடுத்துக்கொண்டான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை, மங்கலான எஃகு, .308 தோட்டா ரகம். பார்க்க வீட்டுக் குழாய் ரிப்பேர் சாமான் மாதிரி இருந்தது. அவன் பெயரில் பதிவாகி, அவன் வீட்டு இரும்பு அலமாரியில், போல்ட் தனியாக வேறு பூட்டில் இருக்கிறது. போன ஏப்ரலில் கோட்டுக்கு மேல் வைத்தும் எனக்கு முழு வட்டம் தெரிந்தது. வாதுமை மரக்கட்டை அடுத்த வருடமும் அதே கடையில், அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இன்னொரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தேன்.